வைப்பினிலிருந்து வராத மூடிகள்

அன்று எங்கள் மசாலாப் பொடிக் கம்பெனியில் முதலாளி காதர் பாய், டப்பா அடைக்கும் பெண்கள், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரோடு நான், எல்லோரும் இருந்தோம். வைப்பின் தீவிலிருந்து காயலைக் கடந்து டப்பா மூடி கொண்டுவரும் படகுதான் இல்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவன் நான். உற்பத்தித் திட்டமும் சரக்கிருப்பும் கம்ப்யூட்டரில் என் பொறுப்பு. மூடிகளை அடுக்கிவைத்துப் பணத்தை முடக்க வேண்டாம், அன்றாடம் வந்தால் போதும் என்று திட்டம் போட்டிருந்தேன். காயலில் காற்று அடிக்கும், படகு நின்றுவிடும் என்பதை யோசிக்கவில்லை. மாலைக்குள் டப்பாக்கள் கப்பலேறாவிட்டால் அந்த ஆர்டர் கொச்சங்காடியில் இதே தொழில் செய்யும் வர்க்கி சேட்டனுக்குப் போய்விடும். அவரும் அதே வைப்பின் பட்டறையில்தான் மூடி வாங்குவார், ஆனால் முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைத்திருப்பார்.

"நீயே போய் அவர்ட்ட கேளு" என்றார் பாய்.

மழையில் நனைந்தபடி போய் நின்றேன்.

"எந்தா மோனே, உன் கம்ப்யூட்டர் மூடி செஞ்சு தராதோ?" வர்க்கி சேட்டன் சிரித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் கோடவுனைத் திறந்துவிட்டார். "எடுத்துக்கோ. உங்களுது வந்ததும் திருப்பித் தந்தா மதி, அது போதும்."

"ஆர்டர் உங்களுக்குக் கிடைக்குமே, சேட்டா?"

"காயல்ல காத்து நாளைக்கு எனக்கும் அடிக்கும்லே?"

டப்பாக்கள் கப்பலேறின. ஒரு வாரத்து மூடிகளைக் கூடுதல் இருப்பாகத் திட்டத்தில் சேர்த்தேன். வர்க்கி சேட்டனை எங்கே சேர்ப்பதென்றுதான் இன்றுவரை தெரியவில்லை.

மூடிகளைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, போகவரக் கைவண்டிக் கூலி எட்டு ரூபாய்.