அத்தை ஊருக்குத் தடம் தவறிய நாள்

கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. பெருமாநல்லூர்ப் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என்னை, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்குப் பக்கத்தில் ஒற்றை அறை வாடகை வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவர் பேசுவதே குறைவு. அவருடைய அத்தை வெள்ளகோவிலுக்குத் தெற்கே ஒரு சின்ன ஊரில் இருந்தார். கால் முறிந்து படுத்திருந்ததால் கல்யாணத்துக்கு வரவில்லை. புதுப்பெண்ணைக் கூட்டி வந்து காட்டச் சொல்லி அத்தை ஆள் மேல் ஆள் அனுப்புவதாக இவர் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். அறுபதுகளின் தொடக்கம் அது.

பஸ் எங்களை ஒரு புளியமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனது.

"சின்ன வயசுல லீவுக்கெல்லாம் இங்கதான் வருவேன். கண்ணைக் கட்டி உட்டாலும் போயிருவேன்" என்றார்.

இருபுறமும் கிளுவை வேலி அடைத்த இட்டேரிக்குள் இறங்கினோம். வெள்ளாமைக் காடுகளுக்கு நடுவே ஓடும் அந்த வண்டித்தடங்கள் எல்லாம் ஒரே சாயலாக இருக்கும். வேலிக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் அவர் நடை வேகமானது. தடம் தெரியாதவர் மெதுவாகத்தான் நடப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

"ஏனுங்க, தடம் இதுதானுங்களா?"

"இங்க ஒரு கெணறு இருந்துச்சு. மூடிட்டாங்களாட்ட இருக்குது."

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நான்தான் வழி கேட்டேன். இடதுகைப் பக்கம் திரும்பச் சொன்னாள். அவள் தலை மறைந்ததும் இவர் வலது பக்கம் திரும்பினார்.

"சிரிச்சுட்டே சொன்னா, பாத்தியா? நம்மளச் சுத்த உடறா."

வெகுநேரம் நடந்தபின் புழுதியில் செருப்புத் தடம் ஒன்று தெரிந்தது. பக்கத்தில் வெறுங்கால் தடம். என் காலை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது. வந்த வழியிலேயே மறுபடி வந்திருக்கிறோம். அவரும் அதைப் பார்த்தார். பார்க்காததுபோல நடந்தார்.

அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வர ஆரம்பித்தது. அத்தை அனுப்பியதாகச் சொன்ன ஆட்களில் ஒருவரைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. அப்படி ஓர் அத்தை உண்டா? கல்யாணத் தரகர் சொன்னதில் எது மெய், எது பொய்? என்னை எங்கே கூட்டிக்கொண்டு போகிறார்? யோசிக்க யோசிக்க அவருடைய முதுகுகூட யாரோ முன்பின் தெரியாதவருடையதுபோல் இருந்தது. பின்னாலேயே நடந்தேன். திரும்பி ஓடலாமென்றால் எந்தப் பக்கம் ஓடுவது?

இட்டேரி ஒரு தோட்டத்தில் போய் முடிந்தது. அங்கிருந்த சாளை வீட்டுக்கு முன்னால் ஒரு நடுவயது அம்மாவும் இரண்டு ஆண்களும் நின்றிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருவர் தடியை எடுத்துக்கொண்டார். அந்த அம்மா நேரே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். என் கழுத்துக் கயிற்றை எடுத்துப் பார்த்தார்.

"மஞ்சள்கூட இன்னும் போகலை. எந்தக் கோயில்ல கட்டிக்கிட்டீங்க? இவன் கூட்டிட்டு வந்தானா, நீயா வந்தியா கண்ணு?"

நாங்கள் ஓடி வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். ஆண்கள் இவரைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தள்ளிக்கொண்டு போய்த் தனியாக விசாரித்தார்கள்.

"அவன் பேரென்ன?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார்.

"ஊட்டுக்காரர் பேரைச் சொல்லக்கூடாதுங்களே."

"தெரிஞ்சாத்தான சொல்லுவே! உன்ற மாமனாரோட பொறந்தவங்க எத்தனை பேரு?"

"ஒரே ஒரு தங்கச்சிங்க. அவங்க ஊட்டுக்குத்தான் போறோமுங்க."

தடிக்காரர் அங்கிருந்து வந்து சொன்னார்: "தங்கச்சி மட்டுமில்ல, தம்பி ஒருத்தரும் இருக்காருங்கறான் அவன்."

பங்கு பிரித்ததில் சண்டை போட்டுக்கொண்டு போன சித்தப்பா ஒருவர் இருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். எனக்குச் சொல்லாமல் இன்னும் எதையெல்லாம் மறைத்திருக்கிறார்களோ என்று ஒரு பக்கம் கோபம் வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"அவர் நல்லவருங்க. தடம் தப்பிப் போச்சு, அவ்வளவுதானுங்க."

நான் அதை நம்பித்தான் சொன்னேனா, தெரியாது. அந்த ஆட்கள் முன்னால் அவரைவிட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.

அத்தை ஊர் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். நேரில் காட்டி விசாரிக்கலாமென்று எங்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த ஆண்கள் இருவரும் இவருக்கு இரண்டு பக்கமும் வந்தார்கள். அந்த அம்மா என் கையை விடவேயில்லை. கட்டிலில் சாய்ந்திருந்த அத்தை எங்கள் கூட்டத்தைப் பார்த்து மிரண்டுபோனார்.

"பையன் எங்கண்ணன் பையனேதான். அம்மிணியை நான் பாத்ததில்லையே."

தடிக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அத்தைதான் என்னைக் கிட்டே கூப்பிட்டு, எங்கள் ஊர், அம்மா பிறந்த ஊர், அங்கே கிழக்குத் தோட்டத்தில் யார் இருக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்தத் தோட்டத்தில் அவருடைய சிநேகிதி ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாளாம். அவளுக்கு ஒரு கண்ணில் பூ விழுந்ததை நான் சொன்னதும் அத்தை முகம் மலர்ந்தது.

"உள்ள வா கண்ணு."

எல்லாருக்கும் மோர் கொடுத்தார்கள். தடிக்காரரோடு வந்த மற்ற ஆள் என்னிடம் வந்து, "தப்பா நெனச்சுக்காதீங்க அம்மிணி. போன மாசம் எங்க புள்ளை ஒருத்தி இந்தத் தடத்துலதான் ஒருத்தங்கூடப் போயிட்டா. இந்தம்மாளோட மகதான்" என்றார்.

அந்த அம்மா மோரைக் குடிக்கவில்லை. கிளம்பும்போது மறுபடி என் கையைப் பிடித்தார்.

"திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் புள்ளைங்க வேலைக்கு வருதாமே. உன்னாட்டந்தான் ஒசரம். வலது புருவத்துல தழும்பு இருக்கும். பாத்தீன்னா ஊட்டுக்கு வரச் சொல்லு கண்ணு. யாரும் ஒண்ணும் பண்ணமாட்டோம்."

தடிக்காரர் வாசலில் நின்று வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் அந்தப் பெண்ணின் தாய்மாமன் என்று அத்தை பிற்பாடு சொன்னார்.

சாயங்காலம் ஒரு பண்ணையாள் எங்களைப் பஸ் நிற்கும் இடம்வரை கொண்டுவந்து விட்டார். பஸ் காங்கயம் தாண்டியது. பிறகு இவர் மெதுவாகக் கேட்டார்.

"அந்தப் புள்ளையைப் பத்தி உங்கிட்டச் சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"பாத்தாலும் அவங்களுக்குச் சொல்லீராத. அந்தத் தடிக்காரன் அவளை உசுரோட உடமாட்டான்."

"சொல்லமாட்டேனுங்க" என்றேன். அதன்பிறகு சித்தப்பாவைப் பற்றிக் கேட்டேன். அவரும் ஒளிக்காமல் சொல்ல ஆரம்பித்தார்.