புள்ளிக்குக் கீழே எழுத்து

மலர்க்கொடி தன் வாழ்நாளில் செய்த ஒரே திருட்டு வேலை, ஒரு பென்சிலையும் ஒரு ரப்பரையும் வைத்துச் செய்தது. அதற்குக் கிடைத்த தண்டனை எந்தத் திருடனுக்கும் கிடைக்க வேண்டாம்.

ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில் முந்திரி உடைக்கும் கொட்டகையில் அவளுக்குப் பதினாறு வருஷ வேலை. எட்டாம் வகுப்பு முடித்த கையோடு போய் உட்கார்ந்தவள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. புருஷன் மணிவண்ணன் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன். அவன் வீட்டில் இருக்கும் நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மகள் அபிநயாவுக்கு ஏழு வயது. அந்தப் பிள்ளையின் கை கறுக்கக் கூடாது. மலர்க்கொடி சாமியிடம் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

வழி காட்டியவர் கலையரசி டீச்சர். ஜெயங்கொண்டத்தில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர், சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக் கொடுத்தார். திருச்சியில் ஓர் இசைப் பள்ளி, வருஷத்துக்குப் பத்து கிராமத்துப் பிள்ளைகளை எடுத்து, விடுதியில் சோறு போட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க வைக்கிறதாம்.

"தெரிஞ்ச பாட்டு ஒண்ணு வாசிக்கணும். அப்புறம் அதுவரைக்கும் பாக்காத பாட்டுத் தாளு ஒண்ணக் குடுப்பாங்க. அதப் பாத்து வாசிக்கணும். அதுலதான் பாதிப் பேரு கவுந்துடுவாங்க" என்றார் டீச்சர். பழகுவதற்குச் சின்னக் கீபோர்டு ஒன்றை இரவல் கொடுத்தார். "வூட்ல நீங்க கூட உக்காந்தாதான் அவளுக்கு வரும்" என்று மலர்க்கொடியையும் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார்.

டீச்சர் கொடுத்த பாட்டுத் தாளில் ஐந்து கோடுகள், கோட்டின் மேலும் இடுக்கிலும் புள்ளிகள்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு சுரம். முதல் வாரம் தாய்க்கும் மகளுக்கும் எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலத்தான் தெரிந்தது. பிறகு மலர்க்கொடிக்குப் பிடிபட்டது. அடியில் தனியாகக் குட்டிக் கோடு குத்திய புள்ளி சி. அடிக்கோட்டில் உட்கார்ந்தது ஈ. அதற்கு மேல் கோட்டில் ஜி. கொட்டை உடைத்துக்கொண்டே முனகிப் பார்ப்பாள். "என்னடி, மந்திரம் சொல்றியா?" என்று பக்கத்திலிருக்கும் சசிகலா கிண்டலடிப்பாள். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு மண்டைக்குள் புதிதாக ஒன்று ஏறியது அப்போதுதான். மலர்க்கொடிக்கு உள்ளூரக் கொஞ்சம் திமிர்கூட வந்துவிட்டது.

அபிநயாவுக்குத்தான் ஏறவில்லை. ஒவ்வொரு புள்ளிக்கும் விரலை வைத்துக் கீழிருந்து கோட்டை எண்ணுவாள். அதற்குள் பாட்டு எங்கோ போய்விடும். கொட்டகையில் வேகத்துக்குத்தான் மரியாதை. மெதுவாக உடைக்கிறவளை யார் வைத்துக்கொள்வார்கள்? அந்தப் பழக்கம் மலர்க்கொடியைச் சும்மா இருக்கவிடவில்லை. ஒரு சாயங்காலம் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் சி, டி, ஈ என்று தமிழில் எழுதிவிட்டாள். பிள்ளை மளமளவென்று வாசித்தது.

"எழுத்து எழுதவே கூடாது. கண்ணு புள்ளிய விட்டுட்டு எழுத்துக்குப் போயிடும்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லியிருந்தார். அதனால் வெள்ளிக்கிழமை வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவாள். அதற்குள் பிள்ளைக்குப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். "பரவால்லயே, நல்லா பாத்து வாசிக்கிறாளே!" என்று டீச்சர் மெச்சும்போதெல்லாம் மலர்க்கொடி தலையைக் குனிந்துகொள்வாள். போகப் போகத் தானாக வந்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இப்படியே எட்டு மாதம்.

தேர்வு அரியலூரில் நடந்தது. தாய்மார்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த பாட்டை அபிநயா பிசிறில்லாமல் வாசித்தாள்; தேர்வு நடத்த வந்த சார் தலையாட்டி ரசித்தார். அப்புறம் புதுத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

அபிநயா தாளைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். எடுத்துப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எழுத்து இல்லிங்க சார்" என்றாள்.

"எழுத்தா? என்ன எழுத்து பாப்பா?"

"புள்ளிக்குக் கீழ எங்கம்மா எழுதுவாங்களே, அது."

முன்வரிசையில் இருந்த கலையரசி டீச்சர் திரும்பி மலர்க்கொடியை ஒருமுறை பார்த்தார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. சார் இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்தார். பிறகு, "சரி, தாள நீயே வச்சுக்க" என்று கையில் கொடுத்து அனுப்பிவிட்டு, அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தத் தாள் மலர்க்கொடியின் மடியில் கிடந்தது. பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தாள். கண் கேட்கவில்லை. சி, ஈ, ஜி, ஜி... முதல் வரி தடங்கலில்லாமல் ஓடியது. இரண்டாவது வரியும் ஓடியது. யாரும் சொல்லிக் கொடுக்காத ஒரு பாட்டு, அவள் மண்டைக்குள் முழுசாகக் கேட்டது. இவ்வளவு சுலபமான தாள். பெற்றவளே பிள்ளையின் கண்ணைக் கட்டிவிட்டாளே.

"உனக்குத் தெரியுதாம்மா?" என்று அபிநயா நிமிர்ந்து கேட்டாள். காலையிலிருந்து அழாத பிள்ளைக்கு உதடு துடித்தது.

"இல்லடி. எனக்கும் ஒண்ணும் புரியல. கஷ்டமா போட்டுட்டாங்க."

அபிநயாவின் முகம் தெளிந்தது. அம்மாவின் கறுத்த விரல்களைத் தன் கைக்குள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப நம்ம ரெண்டு பேருக்குமே இது வராதும்மா. லீவு வுட்டதும் நானும் உன்கூட கொட்டகைக்கு வந்துடுறேன்."

மலர்க்கொடி மடியிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள். உள்ளே அந்தப் பாட்டு முதல் வரியிலிருந்து மறுபடி ஓடிக்கொண்டிருந்தது.