அவள் திரும்பும் பக்கம்

எங்கள் பஜனைக் குழுவில் சுருதி என்றால் அது நான்தான். சுருதிப் பெட்டி கிடையாது, தம்பூரா கிடையாது. ஒரு டோலக், ரெண்டு ஜால்ரா, என் மனைவியின் குரல், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் ஆமத்தூர்ப் பக்கம் ஏதாவது ஒரு கோயிலில் உட்காருவோம். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் தலையை என் பக்கம் திருப்புவாள். நான் டோலக்கின் சின்னத் தோலை ஒரு தட்டு தட்டி, அதே ஒலியை மெல்ல முனகிக் கொடுப்பேன். அவள் அதை வாங்கிக்கொண்டு பாட்டை எடுப்பாள். எங்கள் வீட்டில் நான் சொல்லி அவள் மறுபேச்சு இல்லாமல் கேட்பது என்று இருந்தது அது ஒன்றுதான்.

என் காதைப் பற்றி எனக்கு ரொம்பவே கர்வம். பட்டாசுக் கம்பெனியில் நான் சாம்பிள் வெடிக்கிற ஆள். லோடு கிளம்புவதற்கு முன்னால் அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் பொட்டலில் வைத்துப் பற்றவைப்பேன். சத்தம் நிறைந்து வருகிறதா, சவசவவென்று போகிறதா என்று கேட்டுச் சொல்ல வேண்டும். காதைப் பொத்திக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? வெடிக்குக் காதைப் பொத்துகிறவனை எங்கள் பக்கம் பட்டாசுக்காரன் என்றே மதிக்க மாட்டார்கள். அவன் வேறு ஊர்க்காரன், விருந்தாளி.

அப்படி ஒரு விருந்தாளிதான் சாத்தூரிலிருந்து எங்கள் குழுவுக்கு வந்து சேர்ந்தான். அச்சாபீசில் கம்ப்யூட்டரில் காலண்டர் டிசைன் போடுகிறவன். என்னைவிடச் சின்னவன். சட்டை கசங்காமல் எப்படித்தான் இருக்குமோ, இருக்கும். தோளில் கீபோர்டு, கழுத்தில் ஒரு கயிறு, அதில் ரெண்டு ரப்பர் அடைப்பான் தொங்கும். வெடிச் சத்தமோ ஸ்பீக்கர் அலறலோ எது வந்தாலும் ரெண்டையும் காதில் செருகிக்கொள்வான். ஓய்ந்ததும் கழற்றிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசிப்பான். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துப் போனால் அது என்ன சுருதி என்று வாசித்தே காட்டுவான். நல்ல காது. இல்லையென்று சொல்ல எனக்கு ஆசை, முடியவில்லை.

அவன் வந்த கொஞ்ச நாளிலேயே என் மனைவியின் தலை அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

"கீபோர்டுல பிடிச்சா சுருதி கலையாம நிக்குதுல்ல, அதான்" என்றாள், சாப்பாடு போடும்போது. நான் ஒன்றும் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்கு எதற்குப் பதில்? ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். அவள் மேல் சந்தேகமெல்லாம் இல்லை. அந்த ஒரு திருப்பம் என்னுடையது, அதை ஒருத்தன் அலுங்காமல் குலுங்காமல் தூக்கிக்கொண்டு போய்விட்டான், அதுதான்.

ஒரு சனிக்கிழமை அவன் எல்லோருக்கும் காதடைப்பான் வாங்கிக்கொண்டு வந்தான். ஆரஞ்சு நிற ஸ்பாஞ்ச். உருட்டி மெலிதாக்கிக் காதில் விட்டால் உள்ளே போய் விரிந்து அடைத்துக்கொள்ளும்.

"அண்ணே, வெடி போடும்போது மட்டும் வச்சுக்கோங்க. நமக்குக் காதுதான மொதலு" என்று என்னிடமும் நீட்டினான்.

"காதுல பஞ்சு வைக்கிறது பொணத்துக்குத்தாம்லே. எனக்கு இன்னும் நேரம் வரல" என்றேன். ஜால்ராக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை. தனக்குக் கொடுத்ததை முந்தானையில் முடிந்துகொண்டாள். அடுத்த கோயிலில் வெடி போட்டபோது எடுத்து வைத்தும்கொண்டாள். நான் வாங்கிக் கொடுத்த கம்மல் தொங்குகிற காதில் அவன் கொடுத்த ஸ்பாஞ்ச்! அன்றைக்கு நான் தாளத்தை அடித்தேனா, டோலக்கை அடித்தேனா என்று எனக்கே தெரியாது.

இதற்கிடையில் என் காது இறங்கிக்கொண்டிருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டினால் வீட்டில் கத்தினார்கள். குக்கர் விசிலை எண்ணச் சொன்னால் நான் சொல்லும் கணக்கில் சாதம் குழைந்து கஞ்சியாகியிருந்தது. ஒருநாள் அவன் பக்கத்தில் வந்து மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னான்: "அண்ணே, சின்னத் தோல் கொஞ்சம் எறங்கியிருக்கு." தட்டிப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் சரியில்லை என்று புரிந்தது. நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். மரியாதையாகச் சொல்லித் தொலைத்தான்.

காதைக் காப்பாற்றியாக வேண்டும், அவன் ஸ்பாஞ்சைத் தொடவும் கூடாது. தலையணையைப் பிரித்துப் பஞ்சு எடுத்தேன். பொங்கல் திருவிழா சாட்டியிருந்த ஒரு கோயிலில் அன்றைக்கு எங்கள் பஜனை. பஞ்சைக் காதில் திணித்து, வெளியே தெரியாமல் மேலே துண்டால் தலைப்பாகை கட்டிக்கொண்டு மேடையில் உட்கார்ந்தேன்.

பொழுது சாய்ந்ததும் சாமி சப்பரம் தெருவுக்குள் திரும்பியது. சப்பரம் மின்கம்பியைத் தாண்டும்வரை ஊரில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். மைக் செத்தது. கீபோர்டும் செத்தது, அதில் பேட்டரி கிடையாது. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. சப்பரம் எங்கள் முன்னால் வந்து நிற்கும், சரவெடி போடுவார்கள், வெடி ஓய்ந்ததும் என் மனைவி பாட வேண்டும். இன்றைக்கு அவள் எந்தப் பக்கம் திரும்புவாள், பார்ப்போம்.

தெருவில் விரித்த சரம் எங்கள் கம்பெனிச் சரக்கு. சுற்றியிருந்த ரோஸ் தாளைப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் சரம் வால் பக்கம் மெலிந்துதான் முடியும், கடைசியில் நாலு பொட்டு வெடித்து அடங்கிவிடும். பற்றவைத்ததும் மற்றவர்கள் எல்லோரும் காதை அடைத்துக்கொண்டார்கள். சரம் வாலுக்கு வந்தது. அவள் திரும்புகிற நேரத்தில் என் காதில் பஞ்சு இருந்தால் என்ன ஆவது? துண்டுக்குள் விரலை விட்டு ரெண்டையும் பிடுங்கினேன்.

முடிவு பிரமாதமாக இருக்கட்டும் என்று விழாக் கமிட்டிக்காரர்கள் வாலில் அணுகுண்டுகளைக் கொத்தாகக் கட்டியிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. கொத்து மேடையை ஒட்டியே வெடித்தது.

அப்புறம் உலகத்தில் ஒரு சத்தம்தான் இருந்தது, ஙொய்யென்று ஒரு விசில். ஜனங்கள் வாயைத் திறந்து குலவை போடுகிறார்கள், குலவை இல்லை. என் மனைவி ஸ்பாஞ்சைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். தலையைத் திருப்பினாள். என் பக்கம்.

தோலைத் தட்டினேன். ஒன்றும் கேட்கவில்லை. பனியில் தோல் தொய்ந்துவிட்டது என்று நினைத்தேன். காதைப் பற்றி அப்போதும் நினைக்கவில்லை. கயிற்று வளையங்களைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். தட்டினேன். இன்னும் ஏற்றினேன். அந்தப் பக்கம் அவன் குனிந்து அவளிடம் எதையோ முனகிக் காட்டுவது தெரிந்தது. அவள் அவனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் பாட்டை எடுத்தாள்.

அவள் கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்துத்தான், போனது தோல் இல்லை, என் காது, சுருதியை எட்டாத உயரத்துக்கு ஏற்றிவிட்டேன் என்று எனக்கு விளங்கியது. மேலே போகிற அடியில் அவள் வாய் திறந்தபடி நின்றது, கை தொண்டைக்குப் போனது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் குரல் உடைந்த சத்தத்தை ஊரே கேட்டது, நான் கேட்கவில்லை.

திரும்பும்போது வண்டியில் பின்னால் இருந்து ஏதோ சொன்னாள். நிறுத்தினேன். இறங்கி, கொஞ்சமாவது கேட்கிற வலது காதுப் பக்கம் வந்து உரக்கச் சொன்னாள்.

"நீங்க குடுத்தது ஏத்தம்னு தட்டுனப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் எடுத்தே? அவன்தான் முனகுனானே, அவன் பக்கம் திரும்ப வேண்டியதுதான?"

"நீங்கதான குடுத்தீக" என்றாள். வண்டியில் ஏறிக்கொண்டாள்.

விருதுநகரில் காது டாக்டர் பார்த்தார். இடது காதில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், இனி ஜால்ரா சத்தம்கூட வெறுங்காதில் ஆகாது என்றார். கம்பெனியில் சாம்பிளை வேறொரு ஆள் கேட்கிறார். என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள்.

மறுபடி பஜனைக்கு உட்கார்ந்த அன்றைக்கு என் காதில் ஆரஞ்சு ஸ்பாஞ்ச் இருந்தது. அவன் கொடுத்ததுதான். எவனும் சிரிக்கவில்லை. முதல் பாட்டுக்கு என் மனைவி தலையைத் திருப்பினாள், என் பக்கம்தான். சரியோ தப்போ, தட்டினால் வாங்கிக்கொள்வாள் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நான் டோலக்கின் மேல் இருந்த கையை எடுத்து, கீபோர்டு பக்கம் காட்டினேன்.

அவள் ஒரு நொடி நின்று, அந்தப் பக்கம் திரும்பி வாங்கிக்கொண்டாள். வயிறு எரிந்தது. இப்போதும் ஒவ்வொரு சனிக்கிழமையும் எரிகிறது. அவள் முதலில் என்னைத்தான் பார்க்கிறாள். நான் கையைக் காட்டுகிறேன்.