செக்பொயின்ற்றில் என்னை விட்டுப்போன பஸ்

என் இடது கண் போனது ஒரு பஸ் கொண்டக்டரால். அன்றைக்கும் அப்படித்தான் நம்பினேன், இன்றைக்கும் நம்புகிறேன்.

யுத்த காலம். எனக்கு அறுபத்தெட்டு வயது, கொட்டாஞ்சேனையில் தனியாக இருந்தேன். இரண்டு கண்ணிலும் பிரஷர். மருதானைக்கு அப்பால் இருந்த கிளினிக்கில் எட்டு மணிக்குள் நம்பர் எடுத்தால்தான் டொக்டரைப் பார்க்கலாம். கார் இல்லை, இருந்தாலும் எனக்கு ஓட்டத் தெரியாது. ஆட்டோக்காரர்கள் என் பேச்சைக் கேட்டதுமே, செக்பொயின்ற்றில் யார் மினக்கெடுவது என்று போய்விடுவார்கள். பஸ்தான் கதி.

செக்பொயின்ற்றில் எல்லோரும் இறங்கி, ஐடென்ரிற்றி கார்ட்டைக் காட்டி, நடந்து போய் அந்தப் பக்கம் நிற்கும் பஸ்ஸில் ஏற வேண்டும். என் கார்ட்டில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் என்றால் எனக்குப் பத்து. சிவப்பு பெல்ட் கட்டிய அந்தத் தடியன் கொண்டக்டர் நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் தட்டி, "ரைட், யமு!", போவோம், என்பான். குடையை ஆட்டிக் கத்துவேன். ஒருமுறை சிரித்தான். இரண்டு கிளினிக் திகதி தவறியது. மூன்றாம் முறை டொக்டர், இடது கண் முடிந்தது என்றார். வலது கண்ணுக்கு அடுத்த புதன்கிழமை ஒப்பரேஷன்; அதையும் தவறவிட்டால் முழுக் குருடு என்றார்.

வீட்டுக்கு வந்து செபமாலையை மேசையில் எறிந்தேன். அழவில்லை. பேனையை எடுத்தேன். "அந்தோனியாரே, சிவப்பு பெல்ட் கட்டின கொண்டக்டருக்குக் கால் முறிய வேணும். இரண்டு காலும். அவன் நொண்டி நொண்டி பஸ்ஸுக்குப் பின்னால் ஓட வேணும். அதை நான் பார்க்க வேணும்."

எங்கள் கோவிலில் இரண்டு பெட்டி. ஒன்றில் போடும் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள், சுரூபத்தின் காலடியிலேயே இருக்கும். மற்றதில் போடுவதைச் செவ்வாய்க்கிழமை நவநாளில் சனத்துக்கு முன்னால் வாசிப்பார்கள். எனக்குத்தான் கண் சரியாகத் தெரியாதே, மாறிப் போட்டுவிட்டேன். கடிதம் வாசிக்கும் மாஸ்டர் "இரண்டு காலும்" வரை கணீரென்று வாசித்துவிட்டு இருமத் தொடங்கினார். பழக்கதோஷத்தில் முழுக் கோவிலும், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது.

வெட்கத்தில் முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியேறினேன். வாசலில் பக்கத்துத் தெரு பிலோமினா அக்கா கையைப் பிடித்தார்.

"கடிதம் உம்மடதோ? சிவப்பு பெல்ட்டுக்காரனோ?"

"ஓம் அக்கா."

"நாசமாப் போவான்! என்னையும் ரெண்டு தரம் விட்டிட்டுப் போனவன். ஒப்பரேஷன் எப்ப?"

"நாளைக்கு."

"நாங்களும் வாறம்."

காலையில் பிலோமினா அக்காவோடு சேர்த்து ஏழு கிழவிகள் பஸ் ஹோல்ட்டில் நின்றார்கள். மெதுவாக நடந்த குற்றத்துக்கு ஏழு பேரையும் அவன் செக்பொயின்ற் வாசலில் விட்டுவிட்டுப் போனவன்தான். ஏழு பேரும் கொழும்பில் பிறந்தவர்கள், ஆமிக்காரர்கள் சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வழக்கம்போல நான் மட்டும் மாட்டிக்கொண்டேன். அவன் பஸ்ஸைத் தட்டினான். பஸ் நகரவில்லை. மிதிபலகையில் பிலோமினா அக்கா முழங்காலைப் பிடித்தபடி குந்தியிருந்தார். மற்ற ஆறு பேரும் கீழே.

"முழங்கால் பிடிச்சிட்டுது மல்லி, எழும்பேலாது தம்பி."

பின்னால் வந்த பஸ் முந்திக்கொண்டு போனது. "நகின்னகோ அம்மே!", ஏறுங்கோ அம்மா, என்று அவன் கும்பிட்டான்.

"அங்க நிக்கிறாவே, அவ வந்தாத்தான் முழங்கால் விடும்."

அவன் குதித்து இறங்கி ஓடி வந்தான். ஆமிக்காரனிடம் சிங்களத்தில் கெஞ்சி என் கார்ட்டை வாங்கி, முழங்கையைத் தாங்கிக் கூட்டிப்போனான். அவன் முகத்தில் வழிந்த வியர்வையை ஆசை தீரப் பார்த்தேன். இரண்டு கண்ணாலும் பார்க்கத்தான் கொடுத்து வைக்கவில்லை.

எட்டுக்குள் நம்பர் எடுத்தேன். இதை எழுதுவது அந்த வலது கண்ணால். அன்றிலிருந்து எந்தக் கிழவி மாட்டிக்கொண்டாலும் அவன் இறங்கி வந்து நிற்பான்.

பிரியமானவர்களே, நல்ல பிள்ளை வேஷம் போட்டுக்கொண்டு செபிக்காதீர்கள். கோபத்தோடேயே போங்கள், அவர் கேட்பார், நான் சாட்சி. பழைய கடிதத்தைக் கிழித்துவிடவா என்று மாஸ்டர் கேட்டார். வேண்டாம் என்று வாங்கி, இந்த முறை சரியான பெட்டியில் போட்டேன். அவன் இனி ஒரு கிழவியை விட்டுவிட்டுப் போனால், அந்தோனியார் அதைப் பிரித்துப் பார்க்கட்டும்.