பய்யூமியின் பாதி வாய்

பய்யூமிக்கு வாய்தான் ஆணிப்பெட்டி. எகிப்தின் தம்யாத் ஊரில் சோபாவுக்குக் குஷன் அடிக்கிற உஸ்தாக்கள், அதாவது கைதேர்ந்த தொழிலாளிகள், பலரும் அப்படித்தான். ஒரு பிடி பொடி ஆணியை வாயில் போட்டு, நாக்கால் ஒவ்வொன்றாக முன்பல்லுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலால் தொட்டு எடுத்து அடிப்பார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு ஆணிகூட விழுங்காத மனுஷன். ஒருநாள் கல்யாண வீட்டு சோபாவுக்கு அடித்துக்கொண்டிருந்தபோது கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடியது. ஆணி தொண்டைப் பக்கம் சறுக்கியது. இருமித் துப்பினார். ஆணியோடு ரத்தமும் வந்தது.

"டாக்டர்கிட்ட போய்த் தொலைங்க," என்றாள் மனைவி நபாவியா. "அந்தப் பல்லு போனா ஆணியை எங்க வெச்சு அடிப்பீங்க, காதுலயா?"

பய்யூமிக்கு டாக்டர்கள் என்றாலே சந்தேகம். அதற்கு ஆதாரம் வீட்டிலேயே இருந்தது. நபாவியாவின் தம்பி ஹில்மி போன வருஷம் பல்லைச் சுத்தம் செய்துகொண்டு வந்தவன். "அத்தான், பல்லுக்கு நடுவுல காத்து அடிக்குது. நல்ல பல்லைச் சுரண்டிட்டாங்க," என்று தெருவெல்லாம் ஈயென்று பல்லைக் காட்டித் திரிந்தான்.

ஆனாலும் பல்லுக்காகப் போனார். மீன்கடை மாடியில் பல் டாக்டர் ரபாப் ஒட்டிய பொட்டலம் ஒன்றைக் கிழித்து, வளைந்த கம்பிகளைத் தட்டில் வைத்தாள். பய்யூமி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பழைய ஆணி பிடுங்க நானும் இதே மாதிரிதான் வெச்சிருக்கேன். உண்மையைச் சொல்லுங்க, புடுங்கத்தானே போறீங்க?"

"இது பல்லுல படிஞ்ச காரையை மட்டும்தான் எடுக்கும், உஸ்தா. இப்ப நீங்க தொட்டுட்டீங்க, வேற பொட்டலம் எடுக்கணும்."

"இதுக்கு முன்னாடி யார் வாயில இருந்துச்சு?"

"ஆவியில வேக வெச்சு ஒட்டினது. உங்க கண்ணு முன்னாடிதானே கிழிச்சேன்?"

"ஒட்டுறது பெரிய வித்தையா? மிட்டாய்க் கடைக்காரனும்தான் ஒட்டுறான்."

இடது பக்கத்தில் ஆரம்பித்தாள். கரகர என்று மண்டைக்குள் கேட்டது. ஆடுகிற பல்லை நெருங்கியபோது கடக்கென்று பழுப்புத் துண்டு ஒன்று தட்டில் விழுந்தது. பய்யூமி துள்ளி எழுந்தார்.

"என் பல்லு!"

"காரைங்க அது! ஆறு மாசத்துக்கொரு தடவை வந்திருந்தா இவ்வளவு சேர்ந்திருக்காது."

"ஆறு மாசத்துக்கொரு தடவையா? என் பல்லு என்ன வாடகைக்கா இருக்கு?"

துண்டைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கழுத்தில் கட்டிய துணியோடு படியிறங்கிவிட்டார்.

தலைக்கறிக் கடையில் ஒரு ஆட்டுப்பல் வாங்கி, இரண்டையும் இரும்புக் கட்டையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சுத்தியலால் தட்டினார். ஆட்டுப்பல் எகிறி ஓடியது. அவருடைய துண்டு பொடிப்பொடியாகி நாறியது.

நபாவியா மூக்கைப் பொத்தினாள். "இதைத்தான் முத்து மாதிரி முடிஞ்சிக்கிட்டு வந்தீங்களா?"

"ஆட்டுப்பல்லு வேற, மனுஷப்பல்லு வேற," என்றார் பய்யூமி. நம்புவதாக இல்லை.

ஆனால் சில நாள் கழித்து, காலையில் அவிச்ச மொச்சையோடு ரொட்டி கடிக்கும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. இடது பக்கம் கடித்த ரொட்டியில் ரத்தம் இல்லை. வலது பக்கம் கடித்ததில் சிவப்பு. ஒரு நாள் பார்த்தார், மறுநாளும் பார்த்தார். ரொட்டியை மாற்றிப் பார்த்தார், கடையையே மாற்றிப் பார்த்தார். வாய் மாறவில்லை. சுரண்டின பக்கம்தான் தேறியிருந்தது.

மறுபடி மாடி ஏறினார். "மீதியையும் எடுங்க. பொட்டலத்தை நான் கிழிப்பேன்."

ரபாப் பொட்டலத்தை நீட்டினாள்.

பல்லுக்கு நடுவே ஹில்மி சொன்ன அதே காற்று அடித்தது. இத்தனை நாள் அங்கே அடைத்துக்கொண்டிருந்தது எது என்று பய்யூமிக்கு இப்போது தெரியும். மூக்குக்கும் தெரியும். ரத்தம் நின்றது. ஆடிய பல் சில வாரத்தில் கொஞ்சம் இறுகியது. ஆணியை வாயில் போடக்கூடாது என்று ரபாப் சொன்னதை மட்டும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆறு மாதம் கழித்து அவரே போய் உட்கார்ந்தார். ரபாப் சுற்றிலும் பார்த்து, இரண்டே இடத்தில் லேசாகச் சுரண்டிவிட்டு, "முடிஞ்சுது, உஸ்தா. கொஞ்சம்தான் இருந்துச்சு," என்றாள்.

பய்யூமி நாற்காலியை விட்டு எழவில்லை. முறைத்தார்.

"கொஞ்சம்தானா? ஒழுங்காப் பாத்தீங்களா?"