நாளைக்கு அக்கா வருவாங்க

எங்கள் தொழிலில் பாத்ரூம் கழுவுவதுகூடப் பழகிவிடும். பொய் சொல்லாமல் இருப்பதுதான் பழகவே பழகாது. மைசூரில் ஒரு விடுதியில் பதினோரு வருஷமாக ஆயா வேலை பார்க்கிறேன். பேர் பிலோமினா. மனவளர்ச்சி குன்றியவர்கள், ஆட்டிசம் உள்ளவர்கள் என்று பன்னிரண்டு பேர் எங்களோடு இருக்கிறார்கள், எல்லாரும் வளர்ந்த ஆட்கள். ஓயாமல் ஒரே கேள்வி கேட்கிற ஆளை வீட்டில் வைத்துச் சமாளிக்கிறவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நீங்களும் என்னைப்போல ‘நாளைக்கு’ கட்சிதான், எனக்குத் தெரியும்.

எல்லாருக்கும் ஒரே டீ

சுரேஷுக்கு முப்பத்துநாலு வயசு. ஆட்டிசம். அம்மா போய்ச் சேர்ந்த பிறகு அக்கா மாலதி இங்கே கொண்டுவந்து விட்டாள். எங்கள் வழக்கம் என்னவென்றால், பால், தூள், சர்க்கரை எல்லாம் ஒரே குண்டானில் கொதிக்கவிட்டுப் பன்னிரண்டு டம்ளரில் ஊற்றிவிடுவோம். சுரேஷ் டம்ளரைத் தள்ளிவிடுவான். நான் ரெஜிஸ்டரில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதுவேன். நாலு மாசம், தினம் ரெண்டு வேளை எழுதினேன், சாமி!

ஒருநாள் மாலதி போனில் பேச்சுவாக்கில் சொன்னாள், அவனுக்குப் பால் ஆகாதாம், வரக்காப்பிதான் பிடிக்குமாம். போட்டுக் கொடுத்தோம். கண்ணை மூடிக்கொண்டு கடைசிச் சொட்டுவரை குடித்தான். எனக்கு வெட்கமாகப் போயிற்று. சமையல்கார ஜெயம்மா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மொதல்லயே கேட்டிருந்தா நாலு மாசப் பால் மிச்சம்!”

கழற்றாத ஷூ

மாலதி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். அன்றைக்கு விடிந்ததுமே சுரேஷ் ஷூ போட்டு, நாடா கட்டி, வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். அவளோடு வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைப்பு. ஒரு ஞாயிறு அவள் வரவில்லை. “அக்கா எப்ப?” என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். “நாளைக்கு அக்கா வருவாங்க கண்ணு” என்றேன்.

நமக்கு நாளைக்கு என்றால் ‘இப்போதைக்கு என்னை விடு’ என்று அர்த்தம். அவனுக்கு நாளைக்கு என்றால் நாளைக்குத்தான். திங்கள் காலை ஷூவோடு பெஞ்சில் இருந்தான். மறுபடி நாளைக்கு என்றேன். இப்படியே அஞ்சு நாள், தூங்கும்போதும் ஷூவைக் கழற்றவில்லை. குதிகால் கொப்பளித்துவிட்டது. வெள்ளிக்கிழமை சுவரில் தலையை முட்ட ஆரம்பித்தான்.

மேனேஜர் டாக்டரை வரவழைத்து மாத்திரையைக் கூட்டச் சொன்னார். மாத்திரை கூடினால் பையன் நாளெல்லாம் தூங்கி வழிவான், அப்புறம் அக்காவைக்கூடக் கேட்கமாட்டான். நான் சொன்ன பொய் அத்தனையையும் அங்கேயே கொட்டிவிட்டேன். டாக்டர் பேனாவை மூடினார். “அப்போ மாத்திரை உங்களுக்குத்தாம்மா எழுதணும்.”

மண்டி மொஹல்லாவில் ஒரு மணி நேரம்

மாலதி இருப்பது ஆட்டோவில் கால் மணி நேர தூரம்தான். மண்டி மொஹல்லாவில் அப்பா காலத்து பிளாஸ்டிக் சாமான் கடை, மேலே ஒரே அறையில் புருஷன், ரெண்டு குழந்தைகள். சண்டை பிடிக்கத்தான் போன் போட்டேன். “வந்தா கூடவே கெளம்பறான்க்கா. கையைப் பிரிச்சு விட்டுட்டு ஆட்டோல அழுதுகிட்டே வர்றேன். அதான் வரல” என்றாள். சண்டையை விட்டுவிட்டு, கடையில் கூட்டம் இல்லாத நேரம் எது என்று கேட்டேன்.

மேனேஜரிடம் நச்சரித்து, மாசத்தின் முதல் புதன் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் அவனைக் கடைக்கு அழைத்துப்போக அனுமதி வாங்கினேன். காலண்டரில் வட்டம் போட்டோம். கடைக்குள் நுழைந்தானோ இல்லையோ, சின்ன வயசில் செய்ததுபோலவே பக்கெட்டுகளைப் பெரிசு சிறிசாக அடுக்கத் தொடங்கிவிட்டான். கிளம்பும்போது அடம்பிடிப்பான் என்று பயந்தேன். கையோடு கொண்டுபோன காலண்டரில் அடுத்த மாச வட்டத்தைக் காட்டினேன். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். மாலதி பக்கெட் வரிசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். “இவன் போனதுலேர்ந்து எங்க கடையில எதுவும் வரிசையா இல்லக்கா.”

கௌதள்ளி லீவு

மாதா கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊர் கௌதள்ளிக்குக் கிளம்பினேன். “பிலோக்கா எப்ப?” என்றான் சுரேஷ். பழக்கதோஷம், “நாளைக்கு” என்று வாய் உளறிவிட்டது. அவன் உள்ளே போய்க் காலண்டரைக் கழற்றி வந்து என் கையில் திணித்தான், பேனாவோடு. வியாழக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டு, நாலு மணி என்று எழுதிக் கொடுத்தேன்.

அங்கே அண்ணன் குடும்பம் இருக்கிறது. நான் கல்யாணம் கட்டாதவள். போனால் “வா” என்பார்கள், கிளம்பினால் “சரி” என்பார்கள், எப்போ வருவாய் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்ற ஏக்கம் எனக்கும் உண்டு, சொல்வதற்கென்ன வெட்கம்.

வியாழக்கிழமை பார்த்து கொள்ளேகால் பஸ் வழியில் பஞ்சர். விடுதி வாசலுக்கு அடித்துப் பிடித்து ஓடிவந்தேன். பெஞ்சில் சுரேஷ் உட்கார்ந்திருந்தான், ஷூ போட்டு, நாடா கட்டி, மடியில் காலண்டரோடு. சிரிக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினான். “நாலு இருவது. லேட்டு.”

இந்தப் பதினோரு வருஷத்தில் என்னை லேட் என்று பிடித்தவர்கள் எத்தனையோ பேர், காத்திருந்து பிடித்தவன் இவன் ஒருத்தன்தான்.