ஆமையைத் தொட்ட கை

ஹொல்ம்லியாவில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒருநாள் என் கணவர் ஒரு குட்டி ஆமையைக் கொண்டுவந்தார். நோர்வேயில் அப்போது ஆமை வளர்ப்பது சட்டப்படி குற்றம். அதனால் தொட்டியைக் குளியலறையில் ஒளித்து வைத்தோம்.

ஒரு மத்தியானம் அதன் தண்ணீரை மாற்றிவிட்டுக் கையைச் சும்மா அலசிக்கொண்டு, சோறும் பருப்பும் குழைத்து என் சின்ன மகளுக்கு ஊட்டினேன். அடுத்த நாளே அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. வயிற்றோட்டத்தில் இரத்தம் கண்டது.

ஆஸ்பத்திரியில் டொக்டர், "வீட்டில் ஏதாவது பிராணி வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார்.

கணவர் உடனே இல்லையென்று தலையாட்டினார். என்னிடம் தமிழில், "ஒண்டும் சொல்லாதையும். விசாவுக்குப் பிரச்சினை வரும்" என்றார்.

எனக்கும் பொலிஸ் என்றால் நடுக்கம்தான். ஆனால் மகளுக்கு அழக்கூடத் தெம்பில்லை.

"பிள்ளை போனால் விசா என்னத்துக்கப்பா?"

எனக்குத் தெரிந்த நொஸ்க் மொழியில் டொக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொலிஸைப் பற்றிப் பேசவே இல்லை.

"நல்லவேளை சொன்னீர்கள். ஆமை நலமாகத்தான் தெரியும், ஆனால் அதன் உடம்பில் கிருமி இருக்கும். தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும்" என்றார்.

மகள் தேறி வளர்ந்துவிட்டாள். சில நாள், "அம்மா, தீத்தி விடுங்கோ" என்று ஊட்டச் சொல்லிச் செல்லமாக வந்து உட்காருவாள். எத்தனை தரம் கழுவியிருந்தாலும், முதல் பிடி அவள் வாய்க்குப் போகுமுன் எழுந்துபோய் இன்னொரு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு வருவேன்.